மூன்றாவது துளை

மாத்தளை முத்துமாரியம்மனுக்குக் கொடி ஏறி நாலைந்து நாள் இருக்கும். காலை ஆறு மணிக்கே டீச்சரம்மாவிடமிருந்து போன்.

"தம்பி, குசினியில கருவாட்டு வாசம் வருது. கொடி ஏறினதிலேருந்து நாங்க மச்சம் தொடல்ல. எலி ஏதும் செத்துக் கிடக்கான்னு அலுமாரியெல்லாம் இழுத்துப் பார்த்தாச்சு. ஒன்னுமில்ல. கேத்தல் போட்டாத்தான் வாசம் கூடுது. ஒருக்கா வந்து பாருங்க."

கடைசியில் அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. "டீச்சரம்மா, கேத்தலைத் தொடாதீங்க. மெயின் சுவிச்ச ஓப் பண்ணிட்டு வெளிய உக்காருங்க, நான் வாறேன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

முப்பது வருடத்துக்கு மேலாக இந்த மாவட்டத்தில் வயரிங் வேலை பார்க்கிறேன். மீனே சமைக்காத வீட்டில் கருவாட்டு வாசம் வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பழைய காலத்து வெள்ளை பிளக் பேஸ், வெள்ளை சுவிச் பலதும் யூரியா போர்மல்டிஹைட் என்ற ஒரு வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. வயலுக்குப் போடுகிறோமே, அதே யூரியாவை இன்னொரு இரசாயனத்தோடு சேர்த்துச் செய்தது. அது இலேசில் உருகாது. அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் சிதைந்து அமின் வகை வாயுக்களை விடும். கருவாட்டில் மணப்பதும் அமின்தான். ஆகவே அந்த வாசம் வருகிற வீட்டில் சுவருக்குள் எங்கோ ஒரு இடம் கருகிக்கொண்டிருக்கிறது.

டீச்சரம்மாவின் வீடு திருகோணமலை வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. அவருடைய மாமனார் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்றவர். ஐம்பதுகளில் கட்டியது. வயரெல்லாம் சுவருக்கு வெளியேதான். மரச் சட்டத்தை நீளமாக அடித்து, அதன்மேல் வயரை வைத்து, சின்னச் சின்னத் தகரக் கிளிப்பால் மடக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்து வேலைக்காரரின் கை சுத்தம் இன்றைக்கும் தெரியும். ஒரு கிளிப் கூடக் கோணலாக இருக்காது. குசினிச் சுவரில் வட்ட மரக்கட்டை. அதன்மேல் மூன்று உருண்டைத் துளையோடு 15 அம்பியர் பிளக் பேஸ். அதில் ஒரு மல்டி பிளக். மல்டி பிளக்கில் கேத்தலும் ரைஸ் குக்கரும்.

மெயின் நின்றிருக்கிறதா என்று டெஸ்ட் பல்பு வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி மூடியை எடுத்தேன். பின்பக்கம் கருகிப் பொரிந்திருந்தது. வலது துளைக்குப் பின்னால் இருந்த பித்தளை வாய் கருநீலமாகிக் கிடந்தது. வயரை இறுக்கிப் பிடிக்க வேண்டிய ஸ்க்ரூ, நகத்தால் தள்ளினாலே சுற்றியது. வயரைத் தொட்டேன், மேலே இருந்த ரப்பர், காய்ந்த பாண் தோல் போல உதிர்ந்து கையில் வந்தது. உள்ளே வெறும் செம்பு. கட்டையில் ஐந்து ரூபாய்க் குத்தி அளவுக்கு ஒரு கரி வட்டம்.

டீச்சரம்மா அந்த வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் கரி ஒட்டியது. "இதுக்குக் கிட்டத்தான் தம்பி பேரன் நின்னு பால் குடிப்பான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். அந்தக் கேத்தல் 2,000 வாட். நம் நாட்டு மின்சாரம் 230 வொல்ட். 2,000ஐ 230ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 8.7 அம்பியர். 15 அம்பியர் பேஸுக்கு அது பெரிய சுமை இல்லை, பித்தளை வாய் பிளக்கின் காலை இறுக்கிப் பிடித்திருக்கும் வரை. அறுபது வருடம் செருகிச் செருகிப் பிடுங்கியதில் அந்த வாய் இளகிவிட்டது. ஸ்க்ரூவும் இளகிவிட்டது. இளகிய இடத்தில் கரண்டுக்குத் தடை. ஓமில் மூன்றில் ஒரு பங்குதான் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தடையில் பிறக்கும் சூடு அம்பியரின் வர்க்கத்தோடு கூடும். 8.7ஐ 8.7ஆல் பெருக்கி மூன்றால் பிரித்தால் 25 வாட். என் பையில் இருக்கும் சோல்டரிங் அயனும் 25 வாட்தான். ஈயத்தை உருக்க அது போதும். அப்படி ஒரு அயனை மரக்கட்டைக்குள் ஒளித்து வைத்து, தினமும் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கும்போதெல்லாம் அதைச் சூடாக்கினால் என்ன ஆகும்?

இதில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்தத் தடையால் கேத்தலுக்குப் போகும் வொல்ட் மூன்றுதான் குறையும். தண்ணீர் வழக்கம்போலக் கொதிக்கும். பியூஸ் வழியாகப் போவதும் வழக்கமான எட்டுச் சொச்சம் அம்பியர்தான், அதனால் பியூசும் எரியாது. "பியூஸ் இருக்கே, ஏதும்னா அது போயிருக்குமே" என்று நிறையப் பேர் என்னிடம் சொல்கிறார்கள். பியூஸ் கரண்டை மட்டும்தான் அளக்கும். சுவருக்குள் ஒரு ஸ்க்ரூ இளகியது அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நம் மூக்கும் கையும்தான் இருக்கின்றன. கேத்தலை நிறுத்திவிட்டு பிளக்கின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். இளம் சூடு என்றால் பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தப் பேஸுக்கு வயதாகிவிட்டது. சுற்றிலும் மஞ்சளோ பழுப்போ பிடித்திருந்தாலும், செருகிய பிளக் தானாகத் தொங்கினாலும் அதே கதைதான்.

அன்றைக்கு அந்த ஒரு பேஸை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். டீச்சரம்மா விடவில்லை. "வீடு முழுக்கப் பாருங்க தம்பி" என்றார். பார்த்தேன். மாத்தளையில் பழைய வீட்டுச் சுவர் ஒவ்வொன்றும் ஒரு வரலாற்றுப் புத்தகம்தான். இந்த வீட்டில் ஐந்து விதமான துளைகள் இருந்தன. சாமியறையில் 5 அம்பியர் சின்ன உருண்டைத் துளை. குசினியில் 15 அம்பியர் பெரிய உருண்டைத் துளை. ஹோலில் இரண்டு துளை மட்டும் உள்ள ஒன்று. மகனின் அறையில் 13 அம்பியர் சதுரத் துளை. மாடியில் எந்தக் காலைக் குத்தினாலும் ஏற்கும் ஒரு சர்வதேசப் பேஸ்.

உருண்டைத் துளை வெள்ளைக்காரன் காலத்தது. 1934இல் பிரிட்டன் வகுத்த தரம் அது. இந்தியா இன்றைக்கும் அந்த வழியில்தான் போகிறது. அதனால்தான் சென்னையில் வாங்கி வரும் மிக்சியின் பிளக்குக்கு மூன்று உருண்டைக் கால். பிரிட்டன் அதை விட்டுவிட்டது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, போருக்குப் பிறகு கட்டும் வீடுகளுக்கு வயரிங் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய 1942இல் ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட். வீட்டில் மின்சாரத்தைப் பயன்படுத்தும் பெண்களின் சங்கத்தை நடத்தியவர். 1944இல் வந்த அறிக்கை, சின்னப் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத் துளைகளுக்கு மூடி வேண்டும் என்றது. 1947இல் வந்த தரம்தான் நாம் இன்று சதுரக் கால் என்று சொல்லும் 13 அம்பியர் பிளக்.

ஒரு 13 அம்பியர் பிளக்டொப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல் கால் மற்ற இரண்டையும் விட 5 மில்லிமீற்றர் அளவுக்கு நீளம். அது ஏர்த் கால். செருகும்போது அதுதான் முதலில் உள்ளே போய், கீழ் இரண்டு துளைகளையும் மறைத்திருக்கும் மூடியைத் தள்ளித் திறக்கும். பிடுங்கும்போது அதுதான் கடைசியில் வெளியே வரும். அதாவது கரண்ட் வருவதற்கு முன் பாதுகாப்பு வந்துவிடும், கரண்ட் போன பிறகுதான் பாதுகாப்பு போகும். பிளக்குக்குள்ளேயே ஒரு சின்ன பியூஸும் இருக்கிறது. 700 வாட் வரையான சாமானுக்கு 3 அம்பியர், அது சிவப்பு. கேத்தல், இஸ்திரிப் பெட்டிக்கு 13 அம்பியர், அது பழுப்பு. நான் பார்த்த சாமான்களில் இதைவிடக் கருணையோடு செய்யப்பட்டது குறைவு.

அந்த மூடியை நாம் என்ன செய்கிறோம்? போன் சார்ஜரின் இரட்டைக் கால் போகவில்லை என்றால், பேனை மூடியையோ ஈர்க்குச்சியையோ மேல் துளைக்குள் குத்தி, மூடியைத் திறந்து, சார்ஜரைத் திணிக்கிறோம். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்கிறோம். பிளக் துளைக்குள் எதையாவது குத்தலாம் என்று பிள்ளைக்கு அன்றைக்கே பாடம் எடுத்தாயிற்று. நாளைக்கு அது பேனைக்குப் பதிலாக அம்மாவின் கொண்டை ஊசியை எடுக்கும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அளவான ஒரு பிளக்டொப் வாங்கிப் போடுங்கள்.

எங்கள் பக்கத்தில் இந்தத் துளைப் பிரச்சினைக்கு இன்னொரு வேரும் உண்டு. தோட்டங்களிலிருந்து குவைத், துபாய், கட்டார் என்று வீட்டு வேலைக்குப் போன தாய்மார் திரும்பி வரும்போது இஸ்திரிப் பெட்டியும் பிளெண்டரும் கொண்டு வருவார்கள். அந்த நாடுகளில் இருப்பது சதுரக் கால். லயத்துக் காம்பராவில் இருந்தது உருண்டைத் துளை. ஒரு தாய் இரண்டு வருடம் பிள்ளை முகம் பார்க்காமல் உழைத்துக் கொண்டு வந்த சாமான், சுவரில் போகாது. அப்போது யாரோ ஒருவர் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, வயரின் இரண்டு நுனியையும் நேரே துளைக்குள் சொருகி, நெருப்புக்குச்சியால் இறுக்கிக் கொடுப்பார். மூன்றாவது வயர், பச்சையும் மஞ்சளும் கோடு போட்டது, "இது தேவல்ல" என்று மடக்கிக் கட்டப்படும்.

அந்த மூன்றாவது வயரைப் பற்றித்தான் நான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன்.

டீச்சரம்மாவின் மகன் அறையில் இருந்த 13 அம்பியர் பேஸ் பார்க்கப் புத்தம் புதிது. வெள்ளை வெளேரென்று இருந்தது. "இது போன வருஷம் மாத்தினது தம்பி, இதில பிரச்சின இருக்காது" என்றார். கழற்றினேன். மூன்று துளைக்கும் பின்னால் இரண்டு வயர்தான் வந்திருந்தது. மூன்றாவதுக்கு, நியூட்ரலிலிருந்து ஒரு விரற்கடை நீளத்தில் சின்ன வயர்த் துண்டு பாலம் போட்டு விடப்பட்டிருந்தது. யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. செய்தவருக்கு அது தப்பு என்று தெரியாமலும் இருந்திருக்கும்.

அந்தத் துண்டு வயர் என்ன செய்யும் தெரியுமா? காற்றிலோ மழையிலோ வெளியில் எங்காவது நியூட்ரல் வயர் அறுந்தால், அறையிலுள்ள பேனோ லைட்டோ வழியாகப் போன கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் அந்தப் பாலத்தில் ஏறி, இஸ்திரிப் பெட்டியின் உடம்புக்கு வந்து நிற்கும். சாமானில் ஒரு பழுதும் இருக்காது. தொட்டவர் கதி அதோகதி. ஏர்த்தே இல்லாமல் விட்டிருந்தாலும் இதைவிட நல்லது.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது: பிளக் பேஸ் என்பது சுவரின் முகம்தான். முகத்தை மாற்றுவது பத்து நிமிட வேலை. மூன்றாவது துளைக்குப் பின்னால் உண்மையான ஏர்த் வயர் ஒன்று வந்து நிற்கிறதா, அந்த வயர் நிலத்துக்குள் போகிறதா, அதுதான் கேள்வி. மூன்று துளை இருந்தாலே பாதுகாப்பு என்று வீட்டுக்காரர் நம்புகிறார். பின்னால் ஒன்றும் இல்லையென்றால் அந்த நம்பிக்கையே அவருக்குக் கண்ணி.

ஏர்த் மட்டும் இருந்தாலும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக மண்ணில் கம்பி இறக்குவதுதான் முறை. மாசி மாத வெயிலில் மாத்தளை மண் காய்ந்து கிடக்கும்போது அந்தக் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையில் 20 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரிஜ்ஜின் உடம்பில் கரண்ட் பட்டால், 230ஐ 20ஆல் பிரிக்க, 11.5 அம்பியர்தான் மண்ணுக்குள் போகும். 15 அம்பியர் பியூஸ் அதற்கு அசையாது. பிரிஜ் கரண்டோடேயே நிற்கும். அதனால்தான் ட்ரிப் சுவிச் வேண்டும். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போடும் ட்ரிப் சுவிச் 30 மில்லி அம்பியர் குறைந்தாலே விழுந்துவிடும். 7 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று எரிய அவ்வளவு கரண்ட் போகும். அந்த அளவு உங்கள் உடம்பு வழியாகக் கசிந்தால், ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் வீடே இருண்டுவிடும். டீச்சரம்மா வீட்டில் ட்ரிப் சுவிச் இல்லை. இரும்புப் பெட்டி மெயின் சுவிச்சும் பீங்கான் பியூஸ் நான்கும்தான். ஒரு பியூஸில், பியூஸ் வயருக்குப் பதிலாகத் தடித்த செம்பு வயர் இரண்டு மடிப்பு. அதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "இது எரியணும்னா முதல்ல சுவத்துல இருக்கிற வயர் எரியணும்" என்றேன்.

பிறகு சுவிச்சுகளைப் பார்த்தேன். வட்டக் கட்டைமேல் பழுப்பு நிறத்தில் உருண்டையாக, மேலே கீழே தட்டினால் "டக்" என்று சத்தம் போடும் பேக்கலைட் சுவிச்சுகள். 1907இல் லியோ பேக்கலண்ட் என்ற பெல்ஜியத்துக்காரர் அமெரிக்காவில் கண்டுபிடித்த பொருள் அது. எனக்கு அந்தச் சுவிச்சுகள் மேல் ஒரு பிரியம் உண்டு. அந்தக் காலத்தில் 60 வாட், 100 வாட் பல்பைத் தாங்கிய சுவிச், இன்றைக்கு 9 வாட் பல்பை எரிக்கிறது. அதற்கு அது ஓய்வு காலம் மாதிரி. மூடி உடையாமல், கட்டையைக் கறையான் அரிக்காமல், மழைத் தண்ணீர் இறங்காமல் இருந்தால் அவசரப்பட்டு மாற்றத் தேவையில்லை என்பது என் எண்ணம். கையில் காசு கொஞ்சம்தான் என்றால் அதைக் குசினிக்கும் ஏர்த்துக்கும் ட்ரிப் சுவிச்சுக்கும் போடுங்கள். சுவிச்சின் அழகு பிறகு வரட்டும்.

ஒன்றை மட்டும் எந்தச் சுவிச்சிலும் பார்க்காமல் விடக்கூடாது. சுவிச் லைவ் வயரை வெட்ட வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில், பிறகு வந்து கை வைத்தவர்களால், அது நியூட்ரலை வெட்டுகிறது. சுவிச்சை அணைத்தால் பல்பு அணையும். ஹோல்டரில் கரண்ட் அப்படியே இருக்கும். ஈரக் கையோடு ஸ்டூலில் ஏறிப் பல்பு மாற்றுகிறவர் சுவிச்சைப் பார்த்து நம்புவார். இந்த வீட்டில் கிணற்றடி லைட் அப்படித்தான் இருந்தது. அதனால் பல்பு மாற்றுவதாக இருந்தாலும் மெயினை நிறுத்திவிட்டே மாற்றுங்கள்.

நிறத்தை நம்புவதைப் பற்றியும் சொல்கிறேன். பழைய வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த். இப்போது பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் ஏர்த். ஒரே வீட்டில் இரண்டும் கலந்து கிடக்கும். நான் எடுபிடியாக இருந்த காலத்தில், எல்கடுவைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பங்களாவில் வேலை. ரேடியோ வயர், இஸ்திரிப் பெட்டி வயர் எல்லாவற்றிலும் நீலம் நியூட்ரல் என்று படித்திருந்தேன். சுவரிலிருந்து ஒரு நீல வயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்தேன். பழைய த்ரீ ஃபேஸ் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே லைவ் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஏணியிலிருந்து தூக்கி எறிந்தது. எனக்கு வேலை கற்றுத் தந்த சிங்களப் பாஸ் ஓடி வந்து, என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். பிறகு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, ஒரு ஹோல்டரும் பல்பும் இரண்டு துண்டு வயரும் எடுத்து, டெஸ்ட் பல்பு ஒன்று கட்டிக் கையில் தந்தார். இன்றைக்கும் அந்த ஹோல்டர்தான் என் பையில் இருக்கிறது. பல்பை மட்டும் மாற்றிக்கொண்டு வருகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று டீச்சரம்மா கேட்டார், படித்தவர் அல்லவா. 2017 ஆகஸ்டில் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு வர்த்தமானியில் விதி கொண்டுவந்தது. வீட்டுப் பாவனைக்கு இனி 13 அம்பியர் சதுரத் துளை ஒன்றுதான் நாட்டின் தரம். ஒரு வருட அவகாசத்துக்குப் பிறகு, 2018 ஆகஸ்டிலிருந்து மற்ற வகைகளைச் செய்வதற்கும் இறக்குவதற்கும் விற்பதற்கும் தடை. ஏற்கெனவே இருக்கும் வீடுகள் மாறுவதற்கு 2038 வரை காலம். "அப்ப இன்னும் நேரமிருக்கு" என்று சிலர் மூச்சு விடுகிறார்கள். சட்டம் தந்த நேரம் அது. டீச்சரம்மாவின் கட்டையில் இருந்த கரி வட்டம் 2038 வரை பொறுத்திருக்காது.

அவர் வீட்டு வேலை ஆறு நாள் எடுத்தது. முதல் நாள் பிளக் பேஸ் ஒன்றையும் தொடவில்லை. கிணற்றுக்கும் சுவருக்கும் இடையில், நிழலும் ஈரமும் உள்ள இடம் பார்த்து செம்புப் பூச்சுக் கம்பியை இறக்கி, அதிலிருந்து ஏர்த் வயரை மெயின் பெட்டிக்குக் கொண்டுவந்தேன். இரண்டாம் நாள் மின்சார சபைக்கு அறிவித்து, இணைப்பை நிறுத்தி, பழைய இரும்புப் பெட்டியை எடுத்துவிட்டு ட்ரிப் சுவிச்சும் தனித்தனி பிரேக்கர்களும் உள்ள பெட்டியைப் போட்டேன். பிறகுதான் குசினி. அங்கே பழைய வயரை ஒரு அடி கூட விட்டுவைக்கவில்லை. கடையில் 7/.67 என்று கேட்டால் தருவார்களே, இரண்டரைச் சதுர மில்லிமீற்றர் வயர், அதைப் புதிதாக இழுத்தேன். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 13 அம்பியர் பேஸை மாட்டினால், அது வீட்டுக்காரரிடம் "3,000 வாட் வரை போடு" என்று சொல்கிறது. பின்னால் 5 அம்பியர் காலத்து மெல்லிய வயர் இருந்தால் அந்த வாக்கை எப்படிக் காப்பாற்றும்? வயர் மாற்றக் காசில்லை என்றால், அந்த வயர் தாங்கும் அளவுக்குச் சின்ன பிரேக்கரைப் போட்டு, அங்கே கேத்தல் போடாதீர்கள் என்று சொல்லிவிட வேண்டும். சாமியறைக்கு அப்படித்தான் செய்தேன். அங்கே ஒரு மின்விளக்கும் பாட்டுப் பெட்டியும்தானே.

சாமான் வாங்கும்போது இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்கிறதா என்று பார்த்தே வாங்கினேன். நல்ல பேஸ் கையில் கனக்கும். மூடித் தகடு விரலால் தள்ளினால் திறக்காது. பாதி விலைக்குக் கிடைப்பதைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் பித்தளை கடதாசி மாதிரி இருக்கும். 2022 நெருக்கடிக்குப் பிறகு வயர் விலை ஏறிய ஏற்றத்தில் மலிவைத் தேடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஐந்து பேஸ் மலிவாகப் போடுவதற்குப் பதில் இரண்டு நல்லதாகப் போடுங்கள் என்று மட்டும் கெஞ்சுவேன். வேலைக்காரரைக் கூப்பிடும்போது தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்க மாட்டோம். முடித்த பிறகு அவரையே ட்ரிப் சுவிச்சின் டெஸ்ட் பட்டனை அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் மாதம் ஒருமுறை நீங்கள் அமுக்குங்கள். டீச்சரம்மா பௌர்ணமிக்குப் பௌர்ணமி அமுக்குகிறார், மறக்காது என்று.

தேருக்கு முதல் நாள் வேலை முடிந்தது. பஞ்சரதம் வீதி வலம் வந்த அன்று அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு.

அடுத்த ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போனேன். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டம். நான் பிறந்ததும் அந்த லயத்தில்தான். எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே உக்குவெலையில் மின் நிலையம் இருக்கிறது; மகாவலித் தண்ணீரைப் பொல்கொல்லையில் மறித்து, சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியாகக் கொண்டுவந்து 1976இலிருந்து கரண்ட் எடுக்கிறார்கள். எங்கள் லயத்துக்கு அது வந்து சேர நான் பத்தாம் வகுப்புக்குப் போக வேண்டியிருந்தது. வந்ததும் காம்பராவுக்கு ஒரு பல்பு, ஒரு பிளக். பிறகு அவரவர் தேவைக்கு அவரவர் இழுத்துக்கொண்ட வயர்தான். காம்பரா நம் பெயரில் இல்லை, சுவரில் ஒரு ஆணி அடிக்கவும் ஒபீசைக் கேட்க வேண்டும் என்று பயந்து பழகியதால், பழையதை மாற்றலாம் என்ற நினைப்பே பலருக்கு வருவதில்லை. கருங்கல் சுவர். மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர் கசியும். அக்கா வீட்டில் குவைத் இஸ்திரிப் பெட்டி இன்னும் ஓடுகிறது. தொட்டால் "சுள்"ளென்கிறது என்று வெறும் காலோடு தொடாமல், செருப்புப் போட்டுக்கொண்டு இஸ்திரி போடப் பழகியிருக்கிறாள். இருபது வருடமாக. நானும் வந்து போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ஊரார் வீட்டு ஏர்த்தைப் பார்த்தவன் இதைப் பார்க்கவில்லை.

ஒபீசில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினோம். பின்பக்கம் பீலியடியில் மண் எப்போதும் ஈரமாக இருக்கும். மருமகன் கம்பியைப் பிடித்துக்கொள்ள நான் சம்மட்டியால் இறக்கினேன். மாலைக்குள் ஏர்த் வயர், ட்ரிப் சுவிச், இரண்டு சதுரத் துளைப் பேஸ். இஸ்திரிப் பெட்டிக்கு மூன்று வயரும் கொடுத்துப் புது பிளக்டொப். அக்காவைக் கூப்பிட்டு டெஸ்ட் பட்டனை அமுக்கச் சொன்னேன். "டக்" என்றது. காம்பரா இருண்டது.

பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு அக்கா எட்டிப் பார்த்தார். "என்னா தம்பி, கரண்ட் போச்சா?"

"இல்லக்கா, இங்க மட்டும்தான். சோதிச்சுப் பார்த்தோம்."

வந்து நின்று அந்தப் பெட்டியைப் பார்த்தார். பேஸைப் பார்த்தார். சுவிச்சைத் திரும்பத் தூக்கிவிட்டதும், அக்கா இஸ்திரிப் பெட்டியை வெறும் காலோடு நின்று தொட்டுக் காட்டினாள். "எங்களுக்கும் அந்த மண்ணுக் கம்பிய ஒன்னு இழுத்துக் குடுங்க தம்பி. எங்க வீட்டு பிரிஜ்ஜும் அப்படித்தான் சுள்ளுங்குது."

மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த மருமகன் என்னைப் பார்த்தான். லயத்தில் மொத்தம் பன்னிரண்டு காம்பரா. பச்சை மஞ்சள் வயர் சுருளில் எவ்வளவு மீதி என்று அளந்து பார்த்தேன். தொங்கல் காம்பரா வரை எட்டாது. இந்தப் பக்கம் மூன்றுக்குப் போதும்.